வச்சிரபோதி: ஏறிய மலையும் ஏறாத மலையும்

ஜப்பான் நாட்டின் கீ தீபகற்பத்திலே, எட்டுச் சிகரங்கள் தாமரை இதழ்களெனச் சூழ்ந்து நிற்க, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பது கோயா மலை. கி.பி. 816ஆம் ஆண்டில் சாகா பேரரசர் கூக்காய் என்னும் துறவிக்கு இம்மலையை வழங்கினார். இன்று அங்கே 117 கோயில்கள் உள்ளன. அவற்றுள் ஐம்பதுக்கும் மேற்பட்டவை வருவோர்க்கு இரவில் தங்க இடமளிப்பவை. மாலையில் புலால் நீக்கிய உணவு, பாய் விரித்த அறை, விடியற்காலையில் மணியோசை, அதன்பின் விளக்கொளியில் துறவியரின் ஓதல் என்பது அங்குத் தங்குவோர் காணும் முறைமை. அம்மலையின் பெருங்கோபுரத்தினுள், நான்கு மூலைச் சுவர்களிலும் அச்சமயத்தை வழிவழியாகத் தந்த ஆசிரியர் எண்மரின் ஓவியங்கள் உள்ளன. எண்மருள் ஒருவர் கையில் செபமாலை ஏந்தியவர். ஜப்பானியர் அவரைக் கொங்கோச்சி என்று அழைக்கின்றனர்.

இப்பெயரைக் கேட்கும் கொங்கு நாட்டார் ஒரு கணம் செவி சாய்த்தல் இயல்பே. அம்மலையின் தலைமைக் கோயிலுக்கும் கொங்கோபூஜி என்றே பெயர். சொல்லாய்வில் ஆர்வம் மிக்கோர் இங்கு அவசரப்படுதல் வேண்டா. கொங்கோ என்பது வச்சிரம் என்னும் வடசொல்லுக்கு ஜப்பானியர் வழங்கும் மொழிபெயர்ப்பு; கொங்கு மண்டலத்திற்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆனால் அப்பெயருக்கு உரியவர்க்குத் தமிழகத்தோடு தொடர்பு உண்டு. ஒலியொப்புமையினும் உறுதியான தொடர்பு அது. அவரே வச்சிரபோதி அடிகள்.

தமிழகத்திலிருந்து சீனம் சென்றவர் என்றவுடன் போதிதருமர் பெயரே எவர் வாயிலும் முதலில் வருகின்றது. 2011ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படம் ஒன்று அப்பெயரைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சென்றது. போதிதருமரைப் பற்றிய செய்திகளுள் பெரும்பகுதி அவர்க்குப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுந்த கதைகள். வச்சிரபோதியின் நிலை வேறு. அவர் காலம் தெரியும். அவர் தங்கிய கோயில்களின் பெயர்கள் தெரியும். மொழிபெயர்த்த நூல்கள் இன்றும் ஓதப்படுகின்றன. சான்று மிகுந்தவரை விட்டுச் சான்று குறைந்தவரைக் கொண்டாடுதல் நமக்கு ஒரு பழக்கமாகிவிட்டது போலும்.

வச்சிரபோதியின் வரலாற்றை எழுதி வைத்தவர் சீனர். அவருடைய இல்லறச் சீடரும் அரசு அலுவலருமான லூ சியாங் என்பார் எழுதிய சரிதம், கி.பி. 800ஆம் ஆண்டளவில் யுவான்சாவோ என்னும் துறவி தொகுத்த பௌத்த நூற்பட்டியலில் சேர்ந்தமையால் அழியாது நின்றது. 988ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற துறவியர் சரிதத் தொகுதியில் சான்நிங் என்பார் மற்றொரு சரிதம் தந்துள்ளார். தமிழ் நூல்களில் இவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. குண்டலகேசியையே முழுமையாகக் காக்க இயலாத மொழியில் வச்சிரபோதிக்கு இடம் எங்கே கிடைத்திருக்கும்? விசயமங்கலத்துச் சமணக் கோயிலைக் கண்ட கொங்கு நாட்டார், சமயத்தார் அருகிய பின்னும் கல் நின்று பேசும் என்பதை அறிவர். பௌத்தத்திற்குத் தமிழகத்தில் அத்தகைய கல்லும் அரிதாயிற்று. 1940இல் மயிலை சீனி. வேங்கடசாமி வெளியிட்ட பௌத்தமும் தமிழும் என்னும் நூல் இவரைத் தமிழ் வாசகர்க்கு அறிமுகம் செய்தது. லூ சியாங்கின் சரிதமோ 2011இல்தான் விரிவான ஆய்வுரையோடு ஆங்கிலத்தில் வெளிவந்தது.

அவர் பிறந்தது கி.பி. 671ஆம் ஆண்டு. பிறப்பைப் பற்றிச் சரிதங்கள் ஒத்துப் பேசவில்லை. சான்நிங், அவரைத் தென்னிந்திய மலய நாட்டினர் என்றும், அந்தணர் என்றும், தந்தையார் காஞ்சி மன்னனின் ஆசிரியர் என்றும் குறிக்கின்றார். மலய நாடு அவலோகிதர் உறையும் போதலக மலைக்கு அணித்தானது என்பது சீனர் தரும் அடையாளம். லூ சியாங்கோ, அவரை நடு இந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கின்றார். தென்னாட்டு மன்னனின் படைத்தலைவர் சீன அவையில் அவரை முன்னிறுத்தியமையால் தென்னாட்டார் எனப்பட்டார் என்று காரணமும் கூறுகின்றார். உடனிருந்த சீடர் கூற்று என்பதால் லூ சியாங்கை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தமிழர் என்று மார் தட்டுவதற்கு முன் இம்முரண்பாட்டை ஒப்புக்கொள்வதே ஆய்வு நேர்மை. பிறப்பு எங்கேயாயினும், அவர் கல்வி கனிந்ததும், அரசன் ஆதரித்ததும், வாழ்வின் திசையைத் தீர்மானித்த இரவுகள் கழிந்ததும், கலமேறியதும் தென்னாட்டிலேதான். அந்த அளவில் அவர் நம்மவர்.

போதலகம் எது என்பதும் தமிழர்க்குத் தொடர்பில்லாத வினா அன்று. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த யுவான் சுவாங், மலய மலைக்குக் கிழக்கே போதலகம் இருப்பதாகக் குறித்தார். பதினோராம் நூற்றாண்டில் வீரசோழியம் இயற்றிய புத்தமித்திரர், அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டதாகப் பாயிரத்தில் அமைத்தார். இவற்றையெல்லாம் இணைத்துப் போதலகம் என்பது பொதிகையே என்னும் கருத்தை ஜப்பானிய அறிஞர் ஹிகோசகா 1989இல் விரித்து எழுதினார். சைவர்க்கு அகத்தியர் மலையாகிய அதே பொதிகை, பௌத்தர்க்கு அருளே வடிவான ஒரு போதிசத்துவரின் இருப்பிடம். வச்சிரபோதியின் பிறந்த நாட்டை அம்மலையால் அடையாளம் காட்டினர் என்பதை மனத்திற்கொண்டு மேலே செல்லலாம். பின்னர் அவர்க்கு ஆணை பிறந்ததும் அவலோகிதரிடமிருந்தே.

பத்து வயதில் அவர் நாளந்தாவில் துறவு பூண்டார். அங்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட துறவியர் வாழ்ந்த காலம் அது. சீனத்திலிருந்து வந்த இத்சிங் அப்போது அங்கே பயின்று கொண்டிருந்தார். வருங்காலத்தில் சீனம் செல்லவிருந்த சிறுவரும், சீனத்திலிருந்து வந்திருந்த அறிஞரும் ஒரே முற்றத்தில் ஒருவரையொருவர் கடந்து சென்றிருத்தல் கூடும் என எண்ணுவது இனிமை தருகின்றது. இலக்கணம், தருமகீர்த்தியின் அளவை நூல்கள், இருபதாம் வயதில் முழுத் துறவு, ஆறாண்டுகள் ஒழுக்க நூல்கள், பின்னர்க் கபிலவாத்துவில் யோகாசார நூல்கள் எனக் கல்வி வளர்ந்தது. முப்பத்தொன்றாம் வயதில் தென்னாடு வந்து நாகபோதி என்னும் ஆசிரியரை அடைந்தார். நாகபோதிக்கு எழுநூறு வயது என்று சரிதம் கூறும். அதை அப்படியே விட்டுவிடலாம். ஏழாண்டுகள் அவரிடம் வச்சிரசேகரம் முதலிய தந்திர நூல்களைக் கற்றார் என்பதே இங்கு வேண்டுவது.

அக்காலத்தில் காஞ்சியை ஆண்டவன் இரண்டாம் நரசிம்மவர்மன், கயிலாசநாதர் கோயிலை எடுப்பித்த இராசசிம்மன். நாட்டில் மூன்றாண்டுகள் மழை பொய்த்தது என்றும், மன்னன் வச்சிரபோதியை அழைப்பித்தான் என்றும், அவர் சடங்கியற்ற மழை பெய்தது என்றும் சரிதம் கூறுகின்றது. மழை சடங்கினால் பெய்ததா, பருவத்தினால் பெய்ததா என்னும் ஆராய்ச்சி இங்குத் தேவையில்லை. சைவத்தில் ஊறிய ஒரு மன்னன் பௌத்தத் துறவியை அழைத்து, அவர் தங்கக் கோயிலும் அமைத்துக் கொடுத்தான் என்பது கவனிக்கத்தக்கது. சம்பந்தர் காலத்துச் சமயப் பூசல் ஓய்ந்து நெடுங்காலம் ஆகவில்லை. ஆயினும் காஞ்சியில் கயிலாசநாதருக்கு இடம் இருந்தது. வச்சிரபோதிக்கும் இடம் இருந்தது.

ஏறத்தாழ மூன்றாண்டுகள் அங்குத் தங்கிய பின், நாட்டின் தென்பால் கடலருகே இருந்த அவலோகிதர் கோயில் ஒன்றிற்கு அவர் சென்றார். அதன் வாயிலருகில் ஓர் ஆலமரம் பட்டுப்போய் நின்றது. ஏழு நாட்கள் உணவு ஒழித்து அக்கோயிலிலேயே இரவும் பகலும் நோன்பிருந்தார். பட்ட மரம் தளிர்த்தது என்பது சரிதம். அந்நோன்பின் முடிவில் அவலோகிதர் தோன்றி மூன்று பணிகளை இட்டார்: இலங்கைக்குச் சென்று புத்தரின் பல்லை வணங்குதல், இலங்கை மலைமேல் ஏறித் திருவடிச் சுவட்டை வணங்குதல், மீண்டு வந்து சீனம் சென்று மஞ்சுஸ்ரீ போதிசத்துவரை வணங்குதல். அப்போது அவர்க்கு வயது நாற்பதை ஒட்டியிருக்கும். கற்கவேண்டியவற்றை எல்லாம் கற்று, அரசன் ஆதரவில் அமைதியாக வாழ்ந்திருக்கக்கூடிய ஒருவர், எஞ்சிய முப்பதாண்டுகளையும் அந்த ஓர் இரவின் கட்டளைக்குக் கொடுத்துவிட்டார்.

மஞ்சுஸ்ரீயின் உறைவிடமாகச் சீனத்தில் போற்றப்பட்டது வூதாய் மலை. ஆகவே இட்ட பணி இரு மலைகளைக் குறித்தது. ஒன்று தென்கடலின் தீவில். மற்றொன்று வடசீனத்தின் எல்லைப்புறத்தில்.

சீடர் எண்மருடன் அவர் இலங்கை சேர்ந்தார். அநுராதபுரத்தில் அபயகிரி விகாரையில் தங்கி ஆறு திங்கள் புத்தரின் பல்லுக்கு வழிபாடு நிகழ்த்தினார். அக்கால இலங்கை மன்னன் மானவம்மன், பல்லவர் படைத்துணையால் அரியணை ஏறியவன். காஞ்சியிலிருந்து வந்த துறவிக்கு அங்கு வரவேற்புக்குக் குறைவிருந்திருக்க முடியாது. அபயகிரி, மகாவிகாரையைப் போலன்றி, மகாயானக் கொள்கைகளுக்கும் மந்திர நெறிக்கும் கதவு திறந்து வைத்திருந்த இடம். தாரணி எனப்படும் மந்திரங்கள் பொறித்த கற்பலகைகள் பிற்கால அகழ்வில் அங்குக் கிடைத்தமை இதற்குச் சான்று. பின்னர் அவர் தென்கிழக்காக நடந்து உரோகண நாட்டை அடைந்தார். அந்நாட்டு அரசன் எதிர்கொண்டு அழைத்து ஒரு திங்கள் அரண்மனையில் இருத்தினான். அதன்பின் மலைப்பயணம்.

சமந்தகூடம் என்று பாலி நூல்களும், சமனொளி என்று மணிமேகலையும் குறிக்கும் அம்மலை 2,243 மீட்டர் உயரமுடையது. சைவர்க்கு அது சிவனொளிபாதம். இசுலாமியர்க்கு ஆதம் பாதம் பதித்த இடம். உச்சிப்பாறையில் ஒரு குழிவு. அவரவர் தெய்வத்தின் அடி. இந்நாளில் மார்கழி முழுமதி தொடங்கி வைகாசி முழுமதி வரை பருவம். இரவெல்லாம் படியேறி விடியலில் கதிரவனைக் கண்டு, எத்தனையாவது முறை ஏறினரோ அத்தனை முறை உச்சியில் உள்ள மணியை அடித்துவிட்டு இறங்குகின்றனர். தைப்பூசத்தையொட்டித் தாராபுரம் வழியே காவடியும் கையுமாகப் பழனிக்கு நடப்போரை ஆண்டுதோறும் காண்கின்றவர்க்கு இது புதிதன்று. கால் கொப்புளமும், வழிநடைச் சாவடியும், முன்பின் அறியாதவர் நீட்டும் நீர்மோரும் எம்மலைக்கும் பொது. ஆயினும் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குப் படிக்கட்டும் இல்லை, பந்தலும் இல்லை. அடர்காடு, கொடிய விலங்குகள், கண்ணை மறைக்கும் மூடுபனி, சுழன்றடிக்கும் காற்று ஆகியவற்றை லூ சியாங் அச்சத்தோடு அடுக்குகின்றார். வழிபடும் நோக்கமின்றி வருவோர் அம்மலையை அடைய இயலாது என்பது அக்கால நம்பிக்கை.

உச்சியை அடைந்தபோது நிகழ்ந்ததே அச்சரிதத்தில் மிகச் சிறந்த பகுதி. வட்டமான ஒரு பாறை. அதன்மேல் ஒரு சுவடு. அது சிதைந்து தெளிவற்றுக் கிடந்தது. வச்சிரபோதிக்கு ஐயம் எழுந்தது. இது உண்மையில் புத்தரின் அடிதானா? ஓராண்டுக் காலம் நடந்தும் கடந்தும் வந்தவர், உயிரைப் பணயம் வைத்து ஏறியவர், இறுதியில் கண்டது காற்றும் மழையும் அரித்த ஒரு கற்குழி. அவர் வானை நோக்கி அழுது வேண்டினார். அதன்பின் ஐந்நிற முகில் சூழ்ந்தது, ஒளி தோன்றியது, அடியிலுள்ள சக்கரக்குறி தெளிவாகப் புலப்பட்டது எனச் சரிதம் தொடர்கின்றது. தெய்வத்தன்மை ஏற்றிச் சொல்லும் சரிதகாரர் அந்த ஐயத்தை மறைத்திருக்கலாம். நாயகர் ஐயமின்றி ஏறினார், கண்டார், வணங்கினார் என்று எழுதியிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார். மறைக்கவில்லை. வச்சிரபோதி தாமே சீடர்களிடம் அதைப் பலமுறை சொல்லியிருத்தல் வேண்டும் என்று தோன்றுகின்றது. ஐயுற்றேன் என்று சொல்லத் துணிந்த ஆசிரியரின் குரல் அவ்விடத்தில் கேட்கின்றது.

ஒரு நாள் அப்பாறையருகே தியானத்தில் ஆழ்ந்திருந்தார், வலம் வந்தார். அடியவர் ஏற்றிய கல்விளக்குகள் அங்கு இருந்தன. உச்சியில் காற்று மிகக் கடுமையாக இருந்ததால் நெடிது தங்க முடியவில்லை. இட்ட பணிகளுள் இரண்டு நிறைவுற்றன.

தென்னாடு மீண்டு, சீனம் செல்லும் எண்ணத்தை மன்னனிடம் உரைத்தார். மன்னன் தடுத்துப் பார்த்தான். பயனில்லாமையால் சிறப்புடன் வழியனுப்பினான். மகாபிரஞ்ஞாபாரமிதை ஏட்டுப்படி ஒன்றையும், மணிகள் இழைத்த கலங்களையும், கருப்பூரம் முதலிய நறுமணப் பொருள்களையும் சீனப் பேரரசர்க்குக் கையுறையாகக் கொடுத்து, படைத்தலைவர் ஒருவரையும் உடனனுப்பினான். கடற்கரையில் மன்னனும் மக்களும் மலரோடும் இசையோடும் நின்றனர். வச்சிரபோதி கிழக்கு நோக்கி மஞ்சுஸ்ரீயையும், மேற்கு நோக்கி அவலோகிதரையும் வணங்கிக் கலமேறினார். இவையெல்லாம் வெறும் சமயச் செய்திகள் அல்ல. 720ஆம் ஆண்டில் பல்லவ மன்னனின் தூதர் தாங் பேரரசின் அவையை அடைந்ததையும், அரபியரையும் திபெத்தியரையும் எதிர்க்கும் தன் படைக்கு ஒரு பெயர் வேண்டி அவன் பெற்றதையும், சீனத்திற்கென அவன் எழுப்பிய கோயிலுக்குப் பேரரசர் பெயர்ப்பலகை வழங்கியதையும் சீன அரச வரலாறுகள் குறிக்கின்றன. வணிகமும் அரசியலும் சமயமும் ஒரே கப்பலில் சென்ற காலம் அது.

ஒரு பகல் ஓர் இரவில் இலங்கைத் துறைமுகம் ஒன்றை அடைந்தனர். அங்கே மணிகள் வாங்க வந்த பாரசீக வணிகர் கப்பல்கள் 35 நின்றன. ஒரு திங்கள் கழித்து அவற்றோடு புறப்பட்டு, ஏறத்தாழ ஒரு திங்களில் ஸ்ரீவிசயத்தை அடைந்தனர். அந்நாட்டு மன்னன் பொற்குடையோடு வரவேற்றான். காற்று வாய்க்காமையால் ஐந்து திங்கள் அங்கே தங்க நேர்ந்தது. பின்னர் நடுக்கடலில் பெரும்புயல் எழுந்தது. உடன் வந்த கப்பல்கள் சிதறின. வச்சிரபோதி இருந்த கப்பல் மட்டும் தப்பியது.

அப்புயலில் நேர்ந்த ஓர் இழப்பை அவர் இறுதிவரை மறக்கவில்லை. தென்னாட்டு இரும்புத் தூபியிலிருந்து வந்ததாகக் கருதப்பட்ட வச்சிரசேகர நூலின் பெரும்படி ஒன்றும் சுருக்கப்படி ஒன்றும் அவரிடம் இருந்தன. பெரும்படி கட்டில் அளவு அகலமும் நான்கைந்து அடித் தடிப்பும் உடையதாம். கப்பலின் பாரம் குறைக்கப் பொருள்களையெல்லாம் கடலில் எறியுமாறு தலைவன் ஆணையிட்டான். அந்தக் கலவரத்தில் நூலைக் காக்க வேண்டும் என்பதை வச்சிரபோதி மறந்துவிட்டார். பெரும்படி நீரில் போயிற்று, சுருக்கமே எஞ்சியது. இச்செய்தியை அவர் கூறக் கேட்டு எழுதி வைத்தவர் அவர் சீடர் அமோகவச்சிரர். ஆடிப்பெருக்கு வெள்ளத்திலும் அடுப்பிலும் போன ஏடுகளை எண்ணி ஏங்கும் தமிழ் ஆசிரியர்க்கு இக்கதை மிக நெருக்கமானது. ஏடு அழிந்தது பகைவராலோ கறையானாலோ அன்று. காத்தவரின் ஒரு நொடி மறதியால்.

719இல் அவர் குவாங்சௌ துறைமுகத்தை அடைந்தார். நூற்றுக்கணக்கான சிறு படகுகளில் அலுவலர் எதிர்கொண்டனர். காஞ்சியை விட்டுப் புறப்பட்டு மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. 720இல் லோயாங் நகரில் சுவான்சோங் பேரரசரைக் கண்டார். பேரரசர் தாவோ நெறியில் நாட்டமுடையவர். எனினும் மழைக்கும் நோய்க்கும் சடங்கு இயற்ற வல்லவர் என்ற முறையில் வச்சிரபோதியை மதித்தார். பேரரசரின் மகள் ஒருத்தியின் நோய் தீர்க்க அழைக்கப்பட்டமை, லோயாங்கில் மழை வேண்டிச் சடங்கியற்றியமை முதலியன சான்நிங் சரிதத்தில் உள்ளன. இவற்றை விரிக்க வேண்டியதில்லை. அரசவைக்கு அவர் தேவைப்பட்டார் என்பதே அவற்றின் சாரம். தேவைப்பட்டவரை அரசவை எளிதில் வெளியே விடாது.

723 முதல் மொழிபெயர்ப்புப் பணி நடந்தது. கடலில் எஞ்சிய சுருக்கம் அவ்வாண்டிலேயே நான்கு சுருளாகச் சீனத்தில் வெளிவந்தது. சீனத்தின் தலைசிறந்த வானியல் அறிஞராகிய யீசிங் என்னும் துறவி அவரிடம் மாணவராய் அமர்ந்தார். இளைஞர் அமோகவச்சிரரும் சீடரானார். அமோகவச்சிரர் மூன்றாண்டுகள் வேண்டியும் ஆசிரியர் உயர்ந்த உபதேசத்தைத் தரவில்லை. மனம் வெதும்பிய சீடர் இந்தியாவுக்கே சென்று கற்க எண்ணினார். அப்போது தலைநகரின் கோயில்களிலுள்ள திருமேனிகள் எல்லாம் கிழக்கு நோக்கிச் செல்வதாக வச்சிரபோதி கனவு கண்டு, சீடரின் தகுதியை உணர்ந்து அனைத்தையும் கற்பித்தார் என்பர். 730ஆம் ஆண்டளவில் சாங்கான் நகரத்து சியன்பூ கோயிலில் இருவரும் சேர்ந்து மொழிபெயர்த்தவற்றுள் ஒன்று மஞ்சுஸ்ரீயின் ஐந்தெழுத்து மந்திரம் பற்றிய நூல். சீனம் வந்து பத்தாண்டுகள் கழிந்திருந்தன. வணங்க வந்த தெய்வத்தின் மந்திரம் தலைநகரில் ஏட்டில் ஏறியது. மலை இன்னும் வடக்கே நின்றது.

பின்னொரு காலத்தில் அயல்நாட்டுத் துறவியர் தம் நாடு திரும்ப வேண்டும் என்னும் ஆணை பிறந்தது. உடனிருந்தோர் கலங்கினர். தாம் இந்தியத் துறவி. எல்லைப்புற இனத்தார் பற்றிய அவ்வாணை தம்மைக் கட்டாது என்று வச்சிரபோதி அமைதியாக இருந்தார். சில நாட்களுக்குப் பின், எவரும் எதிர்பாராத வகையில், அரசு அஞ்சல் வண்டியில் யென்மென் செல்ல ஆயத்தமாகிப் பேரரசரிடம் விடைபெற வந்தார். பேரரசர் திடுக்கிட்டுத் தம் கைப்பட ஆணை எழுதி அவரைத் தடுத்து நிறுத்தினார். சான்நிங் இச்செய்தியை இரண்டு வரிகளில் கடந்து செல்கின்றார். யென்மென் என்பது வட எல்லைக் கணவாய். நாட்டை விட்டு வெளியேறும் வழி என்று மட்டும் கொள்ளலாம். ஆனால் தென்கடல் வழியாக வந்தவர், தென்னாட்டுக்குத் திரும்புவதாயின் குவாங்சௌ அல்லவா செல்ல வேண்டும்? யென்மென் பகுதியின் நிலப்படத்தைப் பார்ப்போர்க்கு ஒன்று விளங்கும். ஐந்து முடிகளையுடைய வூதாய் மலை அங்கிருந்து சில நாள் நடைத் தொலைவில் உள்ளது. இட்ட மூன்றாவது பணியை முடிக்க முதியவர் கண்டுபிடித்த வழி அதுவே என்று கருத இடமுண்டு. அன்பினாலோ தேவையினாலோ பேரரசர் விடுத்த கையெழுத்தாணை அவ்வழியை அடைத்தது. அவர் வூதாய் ஏறியதாகச் சரிதம் எதுவும் கூறவில்லை.

இலங்கையின் உச்சியில் தெளிவற்ற சுவடு கண்டு ஐயுற்றவர்க்கு வூதாயில் என்ன தோன்றியிருக்கும்? அங்கே தெளிவாகப் பதிந்த அடி எதுவும் இல்லை. மஞ்சுஸ்ரீ முதியவராகவும் இரவலராகவும் முகிலாகவும் வருவார் என்பது அம்மலையின் நம்பிக்கை. ஒரு வேளை, எதிர்ப்படும் ஒவ்வொரு கிழவரையும் அவர் உற்று நோக்கியிருப்பார்.

741இல் நாடு திரும்ப அவர்க்கு இசைவு கிடைத்தது. லோயாங் வரை வந்தார். குவாங்பூ கோயிலில் நோயுற்று, எட்டாம் திங்களின் முழுமதி நாளையொட்டி உயிர் நீத்தார். வயது 71. லுங்மென் குன்றுகளின் பக்கம் அடக்கம் செய்யப்பட்டார். 743இல் அங்குத் தூபி எழுந்தது. பிறந்த மண்ணும் கிட்டவில்லை, தேடி வந்த மலையும் கிட்டவில்லை.

ஆசிரியர் மறைந்த அதே ஆண்டு அமோகவச்சிரர் தெற்கு நோக்கிக் கடலேறினார். ஆசிரியர் சென்ற இலங்கையில் நூல்களைத் தேடித் தொகுத்து 746இல் மீண்டார். மூன்று பேரரசர்களுக்குக் குருவாக விளங்கினார். 765இல் தம் ஆசிரியர்க்குப் புகழ்ப்பெயர் ஒன்றைப் பேரரசரிடம் வேண்டிப் பெற்றுத் தந்தார். 766இல் வூதாய் மலையில், பொன்முலாம் பூசிய செப்போடுகள் வேய்ந்த பொன்மாடக் கோயிலை அவர் முயற்சி எழுப்பியது. 772இல் நாட்டின் கோயில்கள்தோறும் மஞ்சுஸ்ரீக்குத் தனிச் சன்னிதி அமைக்கும் ஆணையும் அவர் வேண்டுகோளால் பிறந்தது. கடலருகே ஓர் ஆலமரத்தடியில் தொடங்கிய கட்டளை, இட்டவர்க்கும் ஏற்றவர்க்கும் இடையே நில்லாது, மூன்றாமவர் கையால் நிறைவேறியது. 840இல் ஜப்பானியத் துறவி என்னின் அம்மலைக்கு நடந்து வந்து, கோயில்தோறும் இரவு தங்கி, பொன்மாடத்தையும் கண்டு தம் நாட்குறிப்பில் எழுதினார்.

அதற்கும் முன்பே, 805இல், சாங்கான் நகரில் கூக்காய், அமோகவச்சிரரின் சீடர் ஹுய்குவோவிடம் உபதேசம் பெற்றிருந்தார். அடுத்த ஆண்டு அவர் நாடு திரும்பியபோது கொண்டு சென்ற பொருள்களுள் ஆசிரியர் ஐவரின் பட்டோவியங்களும் இருந்தன. லீ சென் என்னும் ஓவியரும் பிறரும் தீட்டியவை. கியோத்தோ நகரத்துத் தோஜி கோயிலில் அவை இன்றும் உள்ளன. ஆயிரத்திருநூறு ஆண்டுகளில் பட்டு நைந்து, நிறம் உதிர்ந்து, உருவங்கள் மங்கிவிட்டன. அவற்றுள் ஒன்றில், காஞ்சியிலிருந்து சென்ற முதியவர் இருக்கையில் அமர்ந்திருக்கின்றார். முகம் தெளிவாகத் தெரிவதில்லை. கையில் பிடித்த செபமாலை தெரிகின்றது.